பி.ஏ. ஹிஸ்டரி படிக்கிற புள்ளைக்கு ஐயாயிரம் ரூபா கொடுத்தா என்ன குறைஞ்சு போகும்?

ரொம்ப நாளா மனசை அரிச்சுக்கிட்டு இருக்கிற விஷயம் இது. மொதல்ல சொல்ல வந்ததைச் சொல்லிடறேன், அப்புறம் எல்லாரும் வரிசையா வந்து கும்முங்க. நம்ம ஊர்ல இளங்கலை வரலாறு படிக்கிற பையனோ பொண்ணோ சின்னதா ஒரு ஆய்வு பண்ணணும்னு ஆசைப்பட்டா, அதுக்குக் காசு கொடுக்க கிட்டத்தட்ட ஆளே கிடையாது. பரிசு கொடுக்க ஆள் இருக்கு. ஆனா அது வேற மாதிரியான பரிசு. அதுக்குப் பின்னாடி வர்றேன்.

அறிவியல் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்க. 1999-ல கே.வி.பி.ஒய். உதவித்தொகை வந்தது. 2008-ல இன்ஸ்பயர் வந்தது. 2022-ல முன்னதைப் பின்னதோட சேர்த்துட்டாங்க. இன்ஸ்பயர்ல தேர்வாகி அடிப்படை அறிவியல் படிக்கிற மாணவருக்கு வருஷத்துக்கு 80,000 ரூபாய்னு வச்சாங்க. அதுல 20,000 கோடை விடுமுறையில ஒரு விஞ்ஞானிகிட்டப் போய் ஆய்வு பண்றதுக்குன்னே ஒதுக்கினது. அருமையான யோசனை, நான் குறை சொல்லலை. இருபது வயசுல ஒரு ஆய்வுக்கூடத்தைக் கண்ணால பார்த்தவன் வாழ்க்கையே மாறும்.

வரலாற்றுக்கு? ஐ.சி.எச்.ஆர்., அதாவது இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம், 1972-ல இருந்து இருக்கு. அதோட உதவித்தொகையெல்லாம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு பண்ணினவங்களுக்கும் அதுக்கு மேல இருக்கறவங்களுக்கும்தான். அதாவது நீச்சல் கத்துக்கிட்டு வா, அப்புறம் குளத்துல இறங்க விடறேன்ங்கற கதை.

இப்போ பரிசு விஷயம். தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரை, கவிதை, பேச்சுப் போட்டி நடத்துது. முதல் பரிசு 10,000, அடுத்து 7,000, 5,000. நல்ல தொகைதான். ஆனா தலைப்பைக் கையில கொடுத்து, அங்கேயே உக்காந்து எழுதச் சொல்ற போட்டியில எது ஜெயிக்கும்? ஞாபக சக்தியும் கையெழுத்தும் அடுக்குமொழியும்தான். தமிழுக்கு அது சரியா இருக்கலாம். ஒரு பழைய காகிதத்தைத் தேடிப் போய், படிச்சு, "இது ஏன் இப்படி எழுதியிருக்கு?"ன்னு கேக்கறவனுக்கு அங்க இடம் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டுல 1855-லயே இளங்கலை மாணவர்களோட வரலாற்றுக் கட்டுரைக்குன்னு ஸ்டான்ஹோப் பரிசை ஏற்படுத்தினாங்க. பிற்பாடு சாகச நாவல்களால பேர் வாங்கின ஜான் பக்கன் 1897-ல அதை வாங்கினவர். சரி, அது சீமான் வீட்டுப் பிள்ளைகள் படிச்ச எடம், விடுங்க. எனக்குப் பிடிச்ச உதாரணம் ஜெர்மனி. 1973-ல இருந்து அங்க குடியரசுத் தலைவர் பேருல இளைஞர்களுக்கு ஒரு வரலாற்றுப் போட்டி நடக்குது. உன் ஊரைப் பத்தி நீயே தேடு, பெரியவங்களைப் பேட்டி எடு, ஆவணத்தைப் பாருங்கறதுதான் விதி. 1980-கள் தொடக்கத்துல நாஜிக் காலத்து அன்றாட வாழ்க்கையைத் தலைப்பாக் கொடுத்தாங்க. பாஸௌ நகரத்துல ஆன்னா ரோஸ்முஸ்னு ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், அப்போ தேட ஆரம்பிச்சது. ஊர்ப் பெரிய மனுஷங்க பலபேரோட பழைய கதை வெளிய வந்தது. ஆவணத்தைப் பார்க்கறதுக்கே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, மிரட்டல் வந்தது. 1983-ல புத்தகமே போட்டுடுச்சு அந்தப் பொண்ணு. 1990-ல அந்தக் கதையை வச்சுப் படமும் வந்தது. ஒரு கட்டுரைப் போட்டிக்கு அவ்வளவு வலு!

நம்ம ஆளுங்களால முடியாதான்னு கேட்டா, முடிஞ்சிருக்கே. 1967-ல பிறந்த ஆ.இரா.வேங்கடாசலபதி 'வ.உ.சி. கடிதங்கள்' புத்தகத்தைக் கொண்டுவந்தது 1984-ல. வயசைக் கணக்குப் போட்டுக்கோங்க. ஆனா ஊருக்கு ஒரு சலபதி தானா முளைப்பார்னு காத்துக்கிட்டு இருக்க முடியுமா?

எங்க அக்கா பொண்ணு டெல்டா பக்கம் ஒரு அரசுக் கல்லூரியில மூணாம் வருஷம் வரலாறு. ப்ராஜெக்டுக்கு ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்தை எடுத்திருந்தா. இரண்டாம் சரபோஜி காலத்துச் சத்திரம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கும்பினிக் காலத்து ஆவணங்களைப் பார்க்கணும்னு ஆசை. ரயில், நாலு நாள் தங்கல், சாப்பாடு, நகல் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள்ள. கல்லூரியில கேட்டதுக்கு "அதெல்லாம் எதுக்கும்மா, நூலகத்துல இருக்கறதை வச்சு எழுது"ன்னுட்டாங்க. "நீ கொடுக்க வேண்டியதுதானே"ன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், கொடுத்தேன். வாங்கிக்கிட்டு அவ சொன்னா: "கிளாஸ்ல இன்னும் முப்பத்தெட்டு பேர் இருக்காங்க மாமா. அவங்களுக்கெல்லாம் மாமா இல்லையே."

நாலு நாள்ல ரெண்டு நாள் எந்தக் கட்டைக் கேக்கணும்னு தெரியாமலே போச்சு. பெருசா எதையும் கண்டுபிடிக்கலை. ஆனா திரும்பி வந்தப்ப பேச்சே மாறியிருந்தது. சத்திரத்துல எல்லாருக்கும் சோறு போட்டாங்கன்னு புத்தகத்துல படிச்சா முன்னெல்லாம் அடிக்கோடு போடுவா. இப்போ, "எல்லாரும்னா யார் யாரு மாமா? எல்லாருக்கும் ஒரே பந்தியா?"ன்னு கேக்கறா. அந்தக் கேள்விக்குத்தாங்க ஐயாயிரம். என்னைக் கேட்டா சல்லிசு.

வழக்கமான எதிர்வாதம் ரெண்டு. ஒண்ணு, ஹிஸ்டரி எடுக்கறவங்க எல்லாம் வேற சீட் கிடைக்காம வந்தவங்க, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கறவங்க, அவங்களுக்கு எதுக்கு ஆய்வுன்னு. இருக்கட்டுமே. நாளைக்குக் கிராம நிர்வாக அலுவலரா உக்காரப் போற புள்ளை, ஒரு பழைய பதிவேட்டைப் படிக்கத் தெரிஞ்சு போனா ஊருக்கு நல்லதா கெட்டதா?

ரெண்டாவது, காசை வாங்கிட்டு நெட்டுல இருந்து சுட்டுடுவாங்க, இப்போ ஏ.ஐ. வேற எழுதிக் கொடுத்துடும்னு. நியாயமான பயம். அதுக்கு விதியிலயே வழி இருக்கு. நெட்டுல இல்லாத மூலம் ஒண்ணாவது இருக்கணும்: ஊர்க் கோயில் கல்வெட்டு, பள்ளிக்கூடப் பழைய பதிவேடு, எண்பது வயசுப் பாட்டியோட பேட்டி, ஏதோ ஒண்ணு. அப்புறம் மூணு பேர் முன்னாடி உக்காந்து கால் மணி நேரம் பதில் சொல்லணும். சுட்டது எதுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு அறிவியல் மாணவருக்கு ஒரு வருஷம் வச்ச 80,000-ல, ஐயாயிரம் வீதம் 16 வரலாற்று மாணவர்களை ஆவணக் காப்பகத்துக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் சரஸ்வதி மகாலுக்கும் அனுப்பலாம். இன்னொண்ணு, காசை முன்னாடியே கொடுக்கணும். ஜெயிச்சப்புறம் கொடுக்கற பரிசு, ரயில் டிக்கெட்டுக்கு வழியில்லாத புள்ளைக்கு எந்த வகையிலயும் உதவாது. பரிசுன்னு ஒண்ணு வேணும்னா நல்ல கட்டுரை மூணைத் தொகுத்துச் சின்னப் புத்தகமாப் போடுங்க, அது போதும்.

அரசாங்கம் செய்யட்டும்னு இருந்தா நாம கிழவனாயிடுவோம். படிச்ச கல்லூரியில முன்னாள் மாணவர் சங்கம்னு ஒண்ணு இருக்குமே, வருஷா வருஷம் விருந்து சாப்பிட்டு க்ரூப் போட்டோ எடுத்துக்கறது? அடுத்த கூட்டத்துல ஒரு வேளை விருந்தைக் குறைச்சுக்கச் சொல்லிப் பாருங்க. நான் என் கல்லூரியில கேட்டிருக்கேன். "யோசிப்போம்"னு பதில் வந்திருக்கு. விடறதா இல்லை :-)

பி.கு: "பந்தியில யார் யாரு"ங்கற கேள்விக்கு அவளுக்கு இன்னும் முழு விடை கிடைக்கலை. தஞ்சாவூர்ல மோடி எழுத்து ஆவணங்கள் கிடக்கு, அதைப் படிக்கக் கத்துக்கப் போறாளாம்.