சித்தி வீட்டில் யார் ஒப்பந்தம் போட்டுத் தங்குவார்கள்?

அமெரிக்காவின் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு இன்னொரு கட்டணம். வெளியார் கட்டணம் பல இடங்களில் இரண்டு மூன்று மடங்கு. மாநிலத்தவர் என்று நிரூபிக்கப் பொதுவாக ஓராண்டாவது அங்கே வசித்திருக்க வேண்டும். படிக்க மட்டும் வரவில்லை, நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வந்தோம் என்றும் காட்ட வேண்டும். எண்ணத்தை எதை வைத்துக் காட்டுவது? வாடகை ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் என்றால் இவை பெரும்பாலும் பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். பட்டா இல்லாமல் மூன்று தலைமுறை புறம்போக்கில் வாழ்ந்தவர்களை அறிந்த நமக்கு இந்த வாசனை புதிதல்ல.

மாணவர் விசாவில் வந்த என் போன்றோருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் இந்தக் கதவே திறக்காது. அது என் கவலையல்ல. ஆய்வு உதவியாளர் வேலையில் என் கட்டணம் கழிந்துவிடுகிறது. நான் பாடம் எடுக்கும் இளங்கலை வகுப்பில் ஒரு மாணவி. பெற்றோர் அறுவடைக்கு ஏற்ப மாநிலம் மாநிலமாகப் போகும் கூலிகள். அவள் சித்தி வீட்டில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தவள். அவளிடம் கேட்கப்பட்டது வாடகை ஒப்பந்தம்.

இடம்பெயர்வதுதான் சிக்கல் என்றால் ராணுவத்தினரும் இடம்பெயர்கிறார்கள். 2008இல் வந்த ஒன்றிய உயர்கல்விச் சட்டத் திருத்தம், பணியிலிருக்கும் படைவீரரின் பிள்ளைகளுக்கு அவர் அமர்த்தப்பட்ட மாநிலத்தின் உள்கட்டணத்தையே வாங்கச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். தக்காளி பறிப்பவரின் பிள்ளைக்கு அப்படியொரு ஒன்றியச் சட்டம் இல்லை.

சொத்தையும் ரசீதையும் பார்க்காமல் பள்ளிப் படிப்பைப் பார்த்த சட்டமும் இருந்தது. 2001இல் டெக்சாஸ் கொண்டுவந்தது. மூன்றாண்டு மாநிலத்தில் வசித்து அங்கேயே உயர்நிலைப் பள்ளி முடித்தவருக்கு, குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும், உள்கட்டணம். 2025 ஜூன் 4 அன்று ஒன்றிய அரசு அதற்கு எதிராக வழக்குப் போட்டது. சட்டத்தைக் காக்க வேண்டிய மாநில அரசு எதிர்த்து வாதாடவில்லை, ஒப்புக்கொண்டது. அன்றைக்கே நீதிமன்றம் தடை விதித்தது. 24 ஆண்டுச் சட்டம், ஒரே நாள்! இரு தரப்பும் ஒரே பக்கம் நின்ற வழக்கில் மாணவர் தரப்பு என்று யாரும் இல்லை.

எங்கள் பட்டதாரி மாணவர் சங்கத்தில் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். பள்ளி வருகைப் பதிவேட்டைக் குடியிருப்புச் சான்றாக ஏற்க வேண்டும். படைவீரர் குடும்பத்துக்குக் கிடைக்கும் விலக்கு பருவகால விவசாயக் கூலிகளின் குடும்பத்துக்கும் வேண்டும்.