பெரிய வண்டி யாருக்குப் பாதுகாப்பு?

‘குடும்பத்தின் பாதுகாப்புக்காகவே பெரிய வண்டி’ என்பது இந்திய நடுத்தர வர்க்கத்தில் கேள்விக்கு உட்படாத நம்பிக்கையாகிவிட்டது. அது முழுப் பொய்யன்று, பாதி உண்மை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

2,000 கிலோ எஸ்யூவியும் 1,000 கிலோ சிறிய காரும் தலா மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்குநேர் மோதிச் சிக்கிக்கொள்வதாகக் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி பெரிய வண்டியின் திசைவேகம் ஏறத்தாழ 33 கி.மீ. அளவே மாறும், சிறியதன் திசைவேகம் 67 கி.மீ. மாறும். பெரிய வண்டிக்குள் இருப்பவருக்கு ஆபத்து குறைவது எதிரே வந்தவர் அதைச் சுமப்பதால்தான்.

அமெரிக்கச் சாலைகளை ஆராய்ந்து பொருளியலாளர் மிஷெல் ஒயிட் 2004இல் வெளியிட்ட கட்டுரை இதற்குக் கணக்கே சொல்கிறது: பெரிய வண்டியில் இருப்போர் தவிர்க்கும் ஒவ்வோர் உயிர்ச்சேத விபத்துக்கும் பிறருக்குக் குறைந்தது 4.3 உயிர்ச்சேத விபத்துகள் கூடுதலாக நேர்கின்றன.

இந்தியாவிலோ அந்தப் ‘பிறர்’ பெரும்பாலும் காரிலேயே இல்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனங்களில் சென்றோர் 44.5 விழுக்காடு, நடந்து சென்றோர் 19.5 விழுக்காடு. இவர்களைச் சுற்றி இரும்புக்கூடு எதுவும் இல்லை. பானட் உயர உயர, காலில் விழ வேண்டிய அடி இடுப்புக்கும் மார்புக்கும் ஏறுகிறது. குழந்தைக்கு அது தலையில் விழுகிறது.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப், வண்டிக்குள் இருக்கும் பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுகிறது. வெளியே நடப்பவருக்குத் தனி மதிப்பெண் கிடையாது. விளம்பரங்களில் மின்னும் ஐந்து நட்சத்திரங்களுக்கான மதிப்பெண்கள் வண்டிக்குள் இருப்போரின் உயிரை எண்ணியே இடப்படுபவை.

‘அப்படியானால் சிறிய காரில் போய்ச் சாக வேண்டுமா?’ என்ற கேள்வி எழும். வேண்டியதில்லை. உறுதியான கட்டமைப்பு, காற்றுப்பை, இருக்கைப்பட்டை, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு ஆகியவை எவருக்கும் தீங்கின்றிப் பயணியைக் காப்பவை. எடை மட்டுமே அடுத்தவரின் பாதுகாப்பைப் பறித்துத் தருவது. அதை ஒருவர் வாங்கினால் அஞ்சி மற்றவரும் வாங்குவார். போட்டி முடியும்போது இருவருக்கும் ஆதாயம் இராது, நடப்பவருக்கு மட்டும் இழப்பு கூடியிருக்கும்.

எனவே பானட் உயரத்துக்கு வரம்பு வேண்டும். எடைக்கேற்ற வரி வேண்டும். வெளியே இருப்போரைக் காக்கும் திறனுக்கும் நட்சத்திரக் கணக்கில் மதிப்பெண் வேண்டும். சாலையில் பெரும்பான்மையினரை எண்ணாத அளவுகோலைப் பாதுகாப்பு என்று அழைப்பது அறிவியலுமன்று, அறமுமன்று.