கணக்கு எங்கே?

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வகையை நடுவர்கள் தலைப்பைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள். சார்பியல் தவறு, ஈதர் உண்டு, ஈர்ப்புக்குப் புது விளக்கம் என்பன போன்றவை. எழுதுகிறவர்களில் ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் நிறையப் பேர். பல்லாண்டு யோசித்து, சொந்தச் செலவில் அச்சடித்து அனுப்புகிறார்கள். இவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதைத் துறைக்காரர்களாகிய நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வெளியாள் என்பதற்காகத் தள்ளுவது பெரும் பிழை. குரோட் ரீபர் சிகாகோவில் வானொலிப் பொறியாளர். 1937இல் இல்லினாய் மாநிலத்து வீட்டன் நகரில், வீட்டுத் தோட்டத்தில், 9 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கிண்ண ஆன்டெனாவைச் சொந்தப் பணத்தில் கட்டினார். கார்ல் ஜான்ஸ்கி கண்டறிந்த பால்வீதியின் வானொலி அலைகள் வெப்பத்தால் பிறப்பவை என்றால், அதிர்வெண் கூடக் கூட வலுக்க வேண்டும். அதை நம்பி 3,300 மெகா ஹெர்ட்ஸில் தேடினார், ஒன்றுமில்லை. 900இலும் இல்லை. 160க்கு இறங்கியபோதுதான் அகப்பட்டது. முதல் இரண்டு தோல்விகளும் வீண்போகவில்லை: அலைகளின் பிறப்பிடம் வெறும் வெப்பம் அல்ல என்பதற்கு அவையே சான்றாயின. 1940இல் 'அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' அவர் கட்டுரையை வெளியிட்டது. வானொலி வானியல் வளர்ந்ததில் அந்தத் தோட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

அதே ரீபர் பிற்காலத்தில் பெருவெடிப்புக் கொள்கையை மறுத்தார். பேரண்டம் விரியவில்லை, ஒளிதான் வரும் வழியில் ஆற்றலை இழந்து சிவக்கிறது என்றார். அதைத் துறை ஏற்கவில்லை. அவர் சொன்னபடியானால், தொலைவிலுள்ள சூப்பர்நோவா மங்க எடுத்துக்கொள்ளும் காலம் பக்கத்திலுள்ளதன் காலமாகவே இருக்க வேண்டும். விரிவு உண்மையானால், செம்பெயர்ச்சி 0.5 உள்ள சூப்பர்நோவா ஒன்றரை மடங்கு மெதுவாக மங்க வேண்டும். அளந்து பார்த்தபோது ஒன்றரை மடங்குதான் வந்தது. ரீபரின் முன்னோடிப் புகழாலும் அந்த அளவீட்டை மாற்ற முடியவில்லை.

பட்டம் பெற்றவர்களுக்கும் இதே சட்டம்தான். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை வந்து சேர்ந்தது; ஏறத்தாழ 13 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பின், வெறும் 1.7 விநாடி இடைவெளியில் காமாக் கதிரும் வந்தது. இரண்டின் வேகமும் வேறுபடும் என்று கணித்த மாற்று ஈர்ப்புக் கொள்கைகள் பல அத்தோடு முடிந்தன. அவற்றை உருவாக்கியவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள்.

2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தவறு என்று ஓர் உரை நிகழ்த்தப்பட்டது. பேசியவரைக் கேலி செய்து ஓய்ந்தோம். மேடை கொடுக்குமுன் கணக்கைக் கேட்டிருக்க வேண்டியது துறை. கேட்காமல் மேடை தருவதும், படிக்காமல் திருப்பி அனுப்புவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு வடிவங்கள் என்றே நான் கருதுகிறேன். முதலாவது மாணவர்களைக் குழப்புகிறது. இரண்டாவது, உழைத்த ஒரு மனிதரை 'சதி' என்ற முடிவுக்குத் தள்ளுகிறது.

ஆகவே, மாற்று ஈர்ப்புக் கொள்கை அனுப்புவோருக்கு இனி இரண்டு அளவுகளை எழுதி அனுப்புவோம். நியூட்டன் கணக்கில் அடங்காமல் புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 கோண விநாடி கூடுதலாகத் திரும்புகிறது. ஹல்ஸும் டெய்லரும் 1974இல் கண்ட இரட்டைப் பல்சாரின் சுற்றுக்காலம் ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோ விநாடி குறைகிறது. இரண்டையும் தங்கள் சமன்பாட்டிலிருந்து வருவித்துக் காட்டுகிறவர்களின் கட்டுரை, அவர்கள் யாராயினும், நடுவரிடம் போகும். நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'ஏற்பதற்கில்லை' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். எந்தப் பக்கத்தில், எந்தச் சமன்பாட்டில் கணக்கு இடறுகிறது என்று குறித்து அனுப்புங்கள். அதை அப்படியே எழுதியவருக்குச் சேர்ப்பிப்போம்.