விட்டுப்போன ஓர் எண்

"கணக்கா? ஐயோ, கசப்பு!" என்று சொல்வோர் எங்கள் வகுப்பிலும் உண்டு. அவர்களை முன்னிட்டே இதனை எழுதத் துணிந்தோம்.

எங்களில் பலருடைய தந்தையர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். அங்கே ஒரு நாளின் 24 மணி நேரத்தை மூன்று ஷிப்டாகப் பிரிக்கிறார்கள், மிச்சம் எதுவுமில்லை. இரண்டாக, நான்காக, ஆறாக, எட்டாகப் பிரித்தாலும் 24 சண்டையின்றிப் பங்காகும். அதற்குக் காரணிகள் எட்டு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை.

இத்தகைய எண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர் நம் சீனிவாச இராமானுஜன். எஃப்.ஏ. தேர்வில் தோற்று, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அவர், 1914-இல் இங்கிலாந்து சென்றார். 1915-இல் வெளிவந்த தம் கட்டுரையில் இவ்வகை எண்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை வரிசைப்படுத்தித் தந்தார். அவ்வரிசையின் கடைசி எண் 6746328388800. அதன் காரணிகள் 10080!

ஆயினும் அவ்வரிசையில் ஓர் எண் விட்டுப்போயிற்று. அது 293318625600.

நாங்கள் இதைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் அந்த எண் கிடைக்கிறது. ஒவ்வொரு பகா எண்ணும் வரும் தடவையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7×5×3×3×2×2×2×2 என்று பெருக்கினால், காரணிகளின் எண்ணிக்கை 5040 என வருகிறது. இன்னும் ஒரு வியப்பு! விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் இராமானுஜனின் கடைசி எண்ணே வந்து நிற்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும் அந்த மேதையின் கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

அதனால் அவர் பெருமை குறைந்ததா? இல்லை. அந்த ஆராய்ச்சிக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. அதே சமயம், மேதை செய்த பிழையாயிற்றே என்று அதை யாரும் மூடி மறைக்கவுமில்லை. பின்வந்தோர் விட்டதைச் சேர்த்துத் திருத்தினர்.

இங்கேதான் எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். எங்கள் தோழி ஒருத்தி அரையாண்டுத் தேர்வில் ஒரு பெரிய கணக்கின் முதல் வரியில் ஓர் எண்ணை விட்டுவிட்டாள். மற்ற வரிகளெல்லாம் சரி. ஆனால் விடை தவறு. சிவப்பு மையில் வட்டமாகப் பூஜ்யம் விழுந்தது. நாங்களும் சிரித்தோம். "பதினோராம் வகுப்பில் கணக்குக் குரூப்பே வேண்டாம்" என்கிறாள் இப்போது. வீட்டிலும் "பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று கேட்கிறார்களாம். விட்டுப்போன ஓர் எண், ஒரு பெண்ணின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கலாமா?

ஆகவே அன்புள்ள சிஸ்டர்களே, விடைத்தாள் தரும் நாளில் பிழை எங்கே புகுந்தது என்று நாங்களே தேடிக் கண்டுபிடிக்க ஒரு பீரியட் தாருங்கள். அன்புள்ள பெற்றோரே, ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு எங்கள் குரூப்பை முடிவு செய்யாதீர்கள். தோழியரே, பிறர் பிழை கண்டு இனிச் சிரியாதிருப்போம். எங்கள் பிழையை அவசரமாக அழிக்காமலும் இருப்போம். அந்தத் தோழியின் அருகில் அமர்ந்து அதே கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போடப் போகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஒருத்தி