பூனை கத்தினால் கோணிப்பையா?

தாராவி, மாட்டுங்கா பகுதிச் சால்களில் எலித் தொல்லைக்காகப் பூனை வளர்க்கும் நம்மவர்கள் பலர். அது இரவெல்லாம் கத்தினால் காலை ஷிப்டுக்குப் போகிறவரின் தூக்கம் கெடுகிறது. பக்கத்து அறையோடு சண்டையும் மூளுகிறது. அதற்காகக் கோணிப்பையில் கட்டி எங்காவது விட்டு வருவது முறையல்ல. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று கத்திக்கொள்வது அபூர்வம். அந்தக் குரல் பெரும்பாலும் மனிதருக்கே. ஆகவே முதலில் காரணத்தைத் தேட வேண்டும்.

கத்தும்போதெல்லாம் மீன் துண்டு போட்டால், கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். வேளை தவறாமல் தீனி வையுங்கள். படுக்குமுன் காகித உருண்டையை உருட்டிப் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டி, பிறகு உணவு கொடுங்கள். அடித்தால் பயந்து இன்னும் கத்தும்.

பருவம் வந்த பெண் பூனை சில வாரங்களுக்கு ஒருமுறை ஓலமிடும். கருத்தடை அறுவைதான் வழி. வயதான பூனை புதிதாகக் கத்தத் தொடங்கினால் தைராய்டு, சிறுநீரகக் கோளாறு இருக்கலாம். ஆண் பூனை சிறுநீர் போக முடியாமல் முக்கிக் கத்தினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு உயிரையே குடித்துவிடும். பரேலில் பிராணிகள் மருத்துவமனை இருக்கிறது.

பூனையை விரட்டத் தீர்மானம் போடும் சால் கமிட்டியார், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கருத்தடை செய்விக்கலாமே! பூனையும் பிழைக்கும், நாமும் தூங்கலாம்.