பந்தியில் இன்னொரு வடை

“பிள்ளை வாடிப்போய் இருக்கே, சரியா சோறு போடலையா?” மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய் பக்கத்துக் கல்யாண வீட்டுக்குள் ஒல்லியான பிள்ளையோடு நுழையும் மருமகள் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. அதே பந்தியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனை யாரும் எதுவும் கேட்பதில்லை. கன்னத்தைக் கிள்ளிவிட்டு இன்னொரு வடை வைப்பார்கள்.

இந்தப் பார்வை சும்மா வந்ததல்ல. ஜப்பான்காரன் காலத்தில் கெடா தோட்டங்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் வளர்த்தன. அவன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதற்குப் பின்னும் பால்மரக் கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. பசி கண்ட வீட்டில் கொழுகொழுவென்ற குழந்தைதான் தாய்க்கு நற்சான்றிதழ். அந்தக் குழந்தைக்குப் புகட்டிய டின்பாலைப் பற்றிய எச்சரிக்கையோ ஜப்பான்காரனுக்கும் முந்தியது: தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பு டின்பால் புகட்டுவதைக் கொலையோடு ஒப்பிட்டு குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியது 1939-இல். டின்பால் இன்றும் அடுப்படியை விட்டுப் போகவில்லை, மைலோவில் கலந்துகொண்டிருக்கிறது.

இப்போது பசி இல்லை, பயம் மட்டும் மிச்சம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் அடுக்குமாடிகளுக்கு வந்தன. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தோட்டத்து ஆயாக்கொட்டகை போயிற்று, பிள்ளை பாட்டியிடம். தாயும் தகப்பனும் தொழிற்சாலையில் ஷிப்டு. பிள்ளை அழுதால் கையில் போன், வாயில் பிஸ்கட். இரவு வேலை முடிந்து வரும் அம்மா, கூட இருக்க முடியாத குறையைப் பொரித்த கோழிப் பொட்டலத்தால் ஈடுகட்டுகிறார். துக்கம் வந்தாலும் அலுப்பு வந்தாலும் தின்றால் தீரும் என்று பிள்ளை படிப்பது இங்கேதான். திடீரென்று விழித்துக்கொண்டு அலமாரியைப் பூட்டுவதும் பலிக்காது: தடுக்கப்பட்ட தின்பண்டத்தின்மீதே குழந்தையின் நாட்டம் கூடுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச்சின் சோதனைகள் காட்டின. ‘குண்டு’ என்று பட்டப்பெயர் வைப்பது இன்னும் மோசம். அந்த அவமானத்துக்கும் மருந்து தட்டில்தான் இருக்கிறது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 5 முதல் 17 வயதுள்ளோரில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். ஐந்து வயதுக்குக் கீழே 21.8 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். வயிறு நிறைவதும் சத்துச் சேர்வதும் ஒன்றல்ல. அதே ஆய்வில் இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் நீரிழிவு 31.4 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 18.3.

அதே ஆண்டு ஜூலையில் சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. நல்லதுதான். ஆனால் பாட்டி கரண்டியால் அள்ளிப் போடும் சீனிக்கு யார் வரி போடுவது? பள்ளியில் ‘செகாக்’ உடற்தகுதிச் சோதனைக்காகப் பிள்ளையின் உயரமும் எடையும் பார்க்கிறார்கள். அந்த எண்களை அம்மாவைக் கண்டிக்கும் கடிதமாக அனுப்பிப் பயனில்லை. சுகாதாரக் கிளினிக்கில் பிள்ளையைக் காட்டும் நாளில் பாட்டிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவரிடம் தமிழில், மரியாதையாகப் பேசுங்கள். அந்த வீட்டில் சமைப்பதும் ஊட்டுவதும் அவர்தான்.