அப்பாவின் தோணியை ஏன் மறைக்கிறீர்கள்?

தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தப் போய் வருகிறேன். கப்பல் சரக்கு முகமை ஒன்றில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் வேலை பார்த்து, பிறகு அந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பிலும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்கு ஆள் தேடுகிறவர்களின் தவிப்பும் தெரியும், வேலை தேடி வருகிற பிள்ளைகளின் உள்ளங்கை வியர்வையும் தெரியும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எந்தக் கல்லூரியிலும் ஒரே பதில்தான் வருகிறது. பெயர், ஊர், மதிப்பெண். அப்பா பிசினஸ், அம்மா ஹோம் மேக்கர். பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவது. இதை ஆங்கிலத்தில், மூச்சு விடாமல், என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். எதிரே இருப்பவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்படி ஒப்பித்த பையன் ஒருவனிடம், "அப்பா பிசினஸ்னு சொன்னீங்களே தம்பி, என்ன பிசினஸ்?" என்று கேட்டேன்.

"சின்ன பிசினஸ்தான் மேம்."

"அதான், என்ன?"

"தோணியில தண்டலா இருக்காங்க மேம்." குரல் இறங்கிவிட்டது.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போகும் தோணிகளை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். தண்டல் என்றால் அந்தத் தோணியின் தலைவர். தமிழிலேயே சொல்லச் சொல்லிக் கேட்டேன். கனமான சரக்கு அடியில், வெங்காயம் காற்றுப் படும்படி மேலே என்று ஆரம்பித்தான். மாலேயில் இறக்குவதற்கு இடம் கிடைக்காமல் காத்துக்கிடந்தால் எந்தக் காய் முதலில் அழுகும், அந்த நட்டம் யார் தலையில் விழும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணி கரையில் நிற்கும்போது ஆட்களுக்கு முன்பணம் எங்கிருந்து வரும் என்று அடுக்கிக்கொண்டே போனான். நடப்பு மூலதனம், அழுகும் சரக்கு, இடர் மேலாண்மை என்று இரண்டு ஆண்டு படித்த பாடமெல்லாம் அதற்குள் இருந்தது. அவன் கண் சுவரில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

இந்தப் பிள்ளைக்கு நாம் கொடுத்த பயிற்சி, அவனிடமிருந்த நல்ல சரக்கை எல்லாம் மறைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

அவன் மறைத்ததற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் "எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை" என்ற கேள்விகளுக்குப் பின்னால் சாதியை மோப்பம் பிடிக்கும் வேலை நடக்கிறது. பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். மாதிரித் தேர்வில் நான் கேட்டது அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்டது. உண்மையான தேர்வில் நிறுவனத்தார் குடும்பத் தொழிலைக் கேட்கவே கூடாது. நான் உட்கார்ந்த குழுக்களில் அதைக் கேட்க விட்டதில்லை. ஆனால் அந்தத் தொழிலில் தான் கண்டதையும் செய்ததையும் தன் அனுபவமாக எடுத்து வைப்பது பிள்ளையின் உரிமை. சொல்வதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்ல முடிவெடுத்தால் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் பயிற்சி தேவை. என்ன சூழல், என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன ஆனது என்ற நான்கையும் வரிசையாகச் சொன்னால் போதும். உலகம் முழுக்க இந்த முறையைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு மாணவியின் அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அந்தப் பிள்ளையின் பயோடேட்டாவிலும் அம்மா ஹோம் மேக்கர்தான். படிப்புக்காகச் செய்த ஆய்வு, வடநாட்டுக் கார் தொழிற்சாலை ஒன்றின் சரக்கு இருப்பு மேலாண்மை. கார் தொழிற்சாலையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி மாவட்டமே மூழ்கியபோது, சேர்த்து வைத்த உப்பு கரைந்துபோனதை வீட்டிலிருந்து பார்த்தவள். உப்பு நீரின் அடர்த்தி 25 டிகிரியைத் தொட்டால்தான் பாத்தியில் உப்பு விளையும், அளவு மீறி ஏறவிட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து தரம் கெடும் என்பது அவளுக்குத் தெரியும். தரக் கட்டுப்பாடு என்றால் வேறென்ன? வடகிழக்குப் பருவமழை வந்தால் உற்பத்தி நின்றுவிடும், அதற்குள் எவ்வளவு விற்பது, எவ்வளவு மூடி வைப்பது என்று உப்பளக்காரர்கள் எடுக்கும் முடிவுதான் சரக்கு இருப்பு மேலாண்மை. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது இந்த மண்ணில். இங்கே எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளை உப்பைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய வழிகாட்டி ஏன் சொல்லவில்லை?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கொழும்பிலிருக்கும் முகவருக்கும் ஹாம்பர்க்கிலிருக்கும் இறக்குமதியாளருக்கும் ஆங்கிலத்தில்தான் கடிதம் போகும். ஆனால் இந்தத் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம், எதிராளிக்குச் சந்தேகம் வராமல் நான்கு வரி எழுதுகிற ஆங்கிலம். பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்புகள் புகட்டுவது உச்சரிப்பு ஆங்கிலம். கப்பல் ஒருநாள் தாமதம், புதிய புறப்பாடு இன்ன தேதி என்று வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னால், மேடையில் சரளமாகப் பேசியவர்களே திணறுகிறார்கள். தினம் ஒரு மின்னஞ்சல் எழுதித் திருத்தி வாங்கினால் ஒரு பருவத்துக்குள் இது சரியாகிவிடும். செலவே இல்லாத பயிற்சி.

வணிகப் பாடத்துக்கு அமெரிக்க நிறுவனங்களின் கதைகளை வகுப்பில் நடத்துகிறார்கள். நடத்தட்டும். 1906-ல் இதே ஊரில் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து கொழும்புக்கு ஓடின. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது, அவர்கள் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தார்கள் என்பது வரலாறு. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் தியாகத்தைச் சிலைக்கு மாலை போட்டு நினைக்கிறோம். அவருடைய வணிகத்தை யார் பேசுகிறார்கள்? ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கம்பெனியைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். "போட்டி நிறுவனம் இலவசமாகவே கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்பது நான் விரும்பிக் கேட்கும் கேள்வி. விலையைக் குறைப்பேன் என்று உடனே சொல்கிறவர்களைவிட, எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிற பிள்ளையைத்தான் நான் எடுப்பேன்.

இன்றைய ஊரையும் அவர்கள் படிக்க வேண்டும். நம் கண்டெய்னர்களில் பெரும்பங்கு ஏன் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுகிறது? 2025 மே மாதம் திறந்த விழிஞ்ஞம் துறைமுகம் நமக்குப் போட்டியா, வாய்ப்பா? அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது. அந்த மாதக் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது, இறாலும் திருப்பூர்த் துணியும் அடி வாங்கின. இதில் எதைப் பற்றியாவது சொந்தமாக ஒரு கருத்து வைத்திருக்கிற பிள்ளை, பலம் பலவீனம் ஒப்பிக்க வேண்டியதே இல்லை.

தேர்வு நடத்துகிற என் துறைக்காரர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. அதற்கு முன் நம் ஊரின் பழைய வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். குளிப்பை அறிவிக்கும் முன் கடலடியில் சிப்பி விளையும் முத்துப்பார்களை அரசு சோதிக்கும். பல இடங்களில் மாதிரிச் சிப்பி எடுத்து, உடைத்து, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகுதான் குளிக்கலாமா என்று முடிவு செய்வார்கள். எடுத்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள், ஆகவே அந்தச் சோதனைச் சிப்பிகள்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஒரே இடத்தில் கைவிட்டு அள்ளிய சிப்பியை வைத்து ஒரு பாரையே யாரும் தள்ளவில்லை. நாமோ இரண்டு நிமிடச் சுய அறிமுகத்தை வைத்து ஒரு பிள்ளையைத் தள்ளிவிடுகிறோம்.

1998-ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், ஆளெடுப்பு முறைகளைப் பற்றிய 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனம் போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத் தேர்வு, வேலையில் யார் தேறுவார் என்பதை நன்றாகக் காட்டுகிறது என்று கண்டார்கள். வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வதும் அப்படியே.

நான் அதைத்தான் செய்தேன், இப்போதும் செய்கிறேன். பெயர்களை மாற்றிய பழைய ஆவணக் கட்டு ஒன்றைக் கொடுப்பேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் நகல். இன்வாய்ஸில் ஓர் எடை, பேக்கிங் லிஸ்டில் வேறு எடை இருக்கும். வாங்குபவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அரை மணி நேரத்தில் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் மற்ற எழுத்துகளிலிருந்தும் எண்களிலிருந்தும் கணக்கிட்டு வருவது, ஒன்று மாறினால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கண்கள் விரிகின்றன. கடன் உறுதிக் கடிதத்தின் கீழ் ஆவணம் கொடுக்கக் கப்பல் ஏறியதிலிருந்து 21 நாள்தான் பொதுவிதி. எழுத்து மாறிய தாளை வங்கி திருப்பி அனுப்பினால் ஏற்றுமதியாளரின் பணம் நின்றுபோகும். இதைப் புரிந்துகொண்டு, "இந்த ரெண்டு எடையில எது சரின்னு யார்கிட்ட கேக்கணும் மேம்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளை. கல்லூரி தயாரித்த பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. ஆள் எடுக்கும் இடத்தில் இருந்திருந்தால் அங்கேயே வேலை கொடுத்திருப்பேன்.

பெண் பிள்ளைகளிடம் "கல்யாணம் எப்போ?", "மாப்பிள்ளை வெளியூர்னா வேலையை விட்டுருவியாம்மா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே 'இப்போதைக்கு இல்லை சார்' என்று சொல்லப் பயிற்சி கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. "இந்த வேலைக்கு எத்தனை வருஷம் எதிர்பாக்கிறீங்கன்னு சொல்லுங்க சார், அதுக்குப் பதில் சொல்றேன்" என்று நிமிர்ந்து சொல்லப் பழக்குகிறேன். கப்பல் புறப்படுகிற நாளில் ஆவண வேலை இரவு நெடுநேரம் போகும். வீட்டுக்கு வண்டி அனுப்புவீர்களா என்று அவள் கேட்க வேண்டும், அங்கே உட்கார்ந்திருப்பவர் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தைப் பற்றிக் கேட்பதும் அப்படித்தான். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கல்லூரிகள் பயிற்சி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மூன்றாம் பருவத்தில் ஒவ்வொரு மாணவரையும் இரண்டு வாரம் சரக்குப் பெட்டக நிலையத்துக்கோ, சுங்கத் தரகர் அலுவலகத்துக்கோ, தருவைகுளம் மீன் ஏலத்துக்கோ, உப்பளத்துக்கோ அனுப்பட்டும். அங்கே ஒரு சரக்கு தொடக்கத்திலிருந்து முடிவு வரை போவதைப் பார்த்து எழுதி வரட்டும். கூட்ட அறையில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டி அனுப்புகிற தொழிற்சாலைப் பார்வை இதற்கு ஈடாகாது. துறைமுகத்தைச் சுற்றி அலுவலகம் வைத்திருக்கிற நம் துறைக்காரர்கள், ஆளுக்கு நான்கு பிள்ளைகளுக்கு ஒரு மேசையும், பெயர் மாற்றிய பழைய கோப்புகளும் கொடுத்தால் இது நடந்துவிடும். வரும் கல்வியாண்டுக்கு இரண்டு கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அதிகாரிகளிடம் பேசியிருக்கிறேன். இருவரும் முதலில் கேட்டது, "எந்த கம்பெனி மேம் உள்ள விடுவாங்க?" என்பதுதான். அதற்கான பதிலை என் துறை நண்பர்கள் ஜூன் மாதத்துக்குள் சொல்ல வேண்டும்.